மாலைவரை ஓட்டாத யூனிட்

1964, சித்திரை, வியாழக்கிழமை

இன்று தொழிலில் ஒரு பொய் சொன்னேன்.

அன்னூர்ச் சாலை மில் கேன்டீனில், கலர் பாட்டில்களைக் குளிர வைக்கும் பெட்டியில், குளிரூட்டும் பழைய யூனிட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பதினோரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த யூனிட்டை, அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் கீழே இறங்கும்வரை ஓட்டக் கூடாது. இதை நான் நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு வந்தேன். உடனே ஓட்டியிருக்கலாம். ஆனாலும், "பொழுதுசாய வரைக்கும் சும்மா நிக்கோணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

டீ போடும் செல்லம்மாள் ஓயாமல் பேசுகிறவள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னாள். இலை போட்டுச் சோறும் வைத்தாள். என் மனைவி காவேரி செத்து மூன்று மாதமாகிறது. என் வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தமில்லை.

மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டது. தலையெல்லாம் பஞ்சோடு வந்தவர்கள் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பானைத் தண்ணீரைக் குடித்துப் போனார்கள். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. எழுந்து சுவிட்சைப் போட்டேன்.

"ஏனுங்ணா, பொழுதுசாயோணும்னீங்க?"

"இதே போதுமுங்க அம்மணி."

"அப்ப வெரசா ஊட்டுக்குப் போங்க. அண்ணி பாத்துட்டு இருப்பாங்க."

"ஆமாங்க" என்றேன்.

யூனிட் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறேன். இனி நாலைந்து வருடத்துக்கு அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.