சகன் தண்ணீரில் விழுந்த முகம்

இன்று காலை புதிய பால்மாப் பக்கற்றைத் திறந்து மாவைப் போத்தலில் கொட்டிய கையோடு, பக்கற்றின் ஓரங்களை வெட்டி விரித்து, வெள்ளியாய் மினுங்கும் உட்பக்கத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொடியில் காயப்போட்டுவிட்டேன். கற்பிட்டிக் காற்றுக்கு அது படபடவென்று ஆடியபோதுதான் இது யாருக்கு என்று யோசித்தேன். நீ போய் நோன்பும் கழிந்துவிட்டது, பெருநாளும் கழிந்துவிட்டது. மடித்து வைக்கவும் மனம் வரவில்லை, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அது இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.

வெயில் எட்டாத பக்கத்துக்கு இந்தத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து விழும் என்று கண்டுபிடித்தவள் நீ. படம் எடுக்க நமக்கு வேறு என்ன லைட் இருந்தது? உன் குசினி ஜன்னலால் முற்பகலில் வரும் வெயில், உன் தம்பி கடலுக்குக் கொண்டுபோகும் டோர்ச், அதன் முகத்தில் கட்ட ஒரு எண்ணெய்த் தாள். போன் என்னுடையது. மற்றதெல்லாம் உன் கைவேலை. பெண்கள் மட்டும் இருந்த அந்த வட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை தோறும் படப் போட்டிக்கு ஒரு தலைப்புப் போடுவார்கள். வீட்டில் கிடக்கும் சாமானை வைத்தே எடுக்க வேண்டும், கடையில் எதுவும் வாங்கக்கூடாது. உனக்கென்றே எழுதிய சட்டம் போலத்தான் இருந்தது. ஒரு வெற்றுச் சவர்க்காரப் பெட்டியைக்கூட எறிய விடாதவள் அல்லவா நீ.

'கடல்' என்று தலைப்பு வந்த வாரம், வாசலைத் தாண்டினால் கடல் கிடக்க, நீ குசினித் தரையில் நீலத் தறப்பாளைச் சுருக்கி விரித்து, மடிப்புகளின் மேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாய். "நெசக் கடல எடுத்தா என்ன?" என்று கேட்டதற்கு, "அது அல்லாஹ் செஞ்சது. நாம செஞ்சதக் காட்டுவம்" என்றாய். 'வலை' என்ற வாரம் இடியப்பத் தட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து டோர்ச் அடித்தாய். சுவர் முழுக்க வலை விழுந்தது. அதற்குள் ஒரு கருவாட்டைத் தொங்கவிட்டோம். அந்த முறையாவது வெல்லுவோம் என்றிருந்தேன். பூனைக்குத் தொப்பி தைத்துப் போட்ட ஒருத்திதான் வென்றாள். "பூனைக்கு எதிரா கருவாடு வெல்லுமா புள்ள" என்று சொல்லிச் சிரித்துச் சிரித்து உனக்கு விக்கலே எடுத்துவிட்டது.

உன் ஒரே நிபந்தனை, உன் முகம் படத்தில் வரக்கூடாது. உன் வீட்டில் பெண்களின் படம் வைப்பதில்லை. அதற்காக உன்னை யாரும் அதட்டியதும் இல்லை, உனக்கே அதில் பிடிப்பு இருந்தது. நான் கிண்டல் பண்ணுவேன். "இந்த மூஞ்சிய எடுத்தா போன் பழுதாப் போகும்" என்று நீயும் விடமாட்டாய். நம்முடைய படங்களின் ஓரத்தில் உன் விரல்கள்தான் இருக்கும், தாளைப் பிடித்தபடி, நூலை இழுத்தபடி.

அந்த ஒரு படம் மட்டும் தவறி விழுந்தது. தலைப்பு 'நிலா'. தேங்காய் ரொட்டி ஒன்றைத் திட்டுத் திட்டாய்க் கருக்கி, கறுப்புத் துணியின் முன்னால் நூலில் தொங்கவிட்டு, கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒன்றாய் இருந்து சாப்பிடும் அந்தப் பெரிய சகன் தட்டில் தண்ணீர் நிரப்பிக் கீழே வைத்தாய். தண்ணீருக்குள் ரொட்டி அசல் நிலாவாகவே இருந்தது. ஆனால் நில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த நீ குனிந்தாய், கையில் டோர்ச். "பாத்துக்கொண்டு நிக்கிறியே, நூலப் பிடி" என்று என்னை ஏசினாய். என் விரல் போனை அழுத்தியது. பார்த்தால், தண்ணீரில் நிலாவுக்குப் பக்கத்தில் உன் முகம்.

நீ போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாய். அழித்துவிடுவாய் என்று நினைத்தேன். "நல்லாத்தான் இருக்கேன், என்ன?" என்றாய். பிறகு, "நான் இருக்குமட்டும் வெச்சிரு. மௌத்தாப் போனா அழிச்சிடு" என்றாய். அதற்கு நான், "ஓம், கிழவியாகி நீ போறதுக்குள்ள என்ட போன் போயிடும்" என்று சொன்னேன். நாம் இரண்டு பேரும் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவேயில்லை.

காய்ச்சல் என்றார்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நான் போவதற்கு அபாயாவைப் போட்டுக்கொண்டு வாகனத்துக்குக் காத்திருந்தபோதே செய்தி வந்துவிட்டது. அன்றைக்கே அடக்கமும் முடிந்தது. பின்னேரம் உன் தம்பி எல்லாருக்கும் குரல் பதிவு அனுப்பினான். அழுகையில் பாதி விளங்கவில்லை. "ராத்தாட போட்டோ ஆர்ட போன்லயாவது இருந்தா அல்லாஹ்வுக்காக அழிச்சிடுங்க. அது அவட ஆசை." நம் ஊரில் ஒரு பெண் மௌத்தானால் இப்படிச் செய்தி வருவது புதிதில்லை. எத்தனையோ பேருக்காக நான் ஆமீன் சொல்லி அழித்திருக்கிறேன். உனக்காகவும் அழித்தேன். அழித்தாலும் போன் தன் குப்பைக்குள் சில காலம் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள்ளும் போய் அழித்தேன். நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதையும் செய்யாமல் விட எனக்கு எப்படி முடியும்?

சில கிழமைகள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு உன் உம்மா வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை.

"மகள், எல்லாரும் அழிச்சிட்டாங்க. அது சரிதான், அவவும் அதத்தான் சொன்னவ. ஆனா நீங்க ரெண்டு பேரும் எந்த நேரமும் போனும் கையுமாத்தானே இருந்தீங்க. ஒண்டாவது இருக்கும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒருக்காப் பாத்துட்டுத் தாறன்."

தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே சொன்னார். "கண்ண மூடினா ஆஸ்பத்திரி முகம்தான் வருது. வீங்கிப்போன முகம். அதுக்கு முந்தின முகம் ஒண்டும் வருதில்ல. அடையாள அட்டையில இருக்கிறது என்ட புள்ள இல்ல, அது ஆரோ கோவக்காரி." தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறி வந்தவர்கள் நீங்கள். நீ கைக்குழந்தையாய் இருந்தபோது எடுத்த ஒரே படம் அந்த வீட்டு அலுமாரியோடு போய்விட்டது என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஒண்டு இருந்திச்சு சாச்சி. அழிச்சிட்டன்."

"போன் வெச்சிருக்குமாமே, குப்பைக்குள்ள?"

"அதுக்குள்ளயும் அழிச்சிட்டன்."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல வேல செஞ்சீங்க மகள்" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறு வழி தெரியாமல் உன் விரல்கள் உள்ள படங்களைக் காட்டினேன். தறப்பாளில் உப்புத் தூவும் கை, இடியப்பத் தட்டைப் பிடித்த கை. பார்த்தார். "கை எனக்கு மறக்கல்ல. கடைசியாக் குளிப்பாட்டினது நான்தானே" என்று போனைத் திருப்பித் தந்தார். பிறகு, "அந்தப் படத்துல எப்படி இருந்தா? சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ரொட்டி நிலாவைப் பற்றி, சகனைப் பற்றி, டோர்ச் வெளிச்சம் உன் தாடையின் கீழிருந்து வந்ததைப் பற்றி, நீ என்னை ஏசியதைப் பற்றி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுந்து போகும்போது தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

அதிலிருந்து அவர் வந்துகொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ஒவ்வொரு முறையும் புதிதாய் ஒன்று கேட்பார். முந்தானை எந்தப் பக்கம் கிடந்தது? மூக்குத்தி தெரிந்ததா? தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை யோசித்துச் சொல்வேன். நான் என்ன செய்வேன்? படத்தைக் கொடுக்க என்னால் முடியாது, உன்னையும் கொடுக்க முடியாது. வாய் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று, "ஏசினா எண்டு சொன்னீங்க. சிரிக்கல்லையா?" என்று கேட்டார்.

ஏசத் தொடங்கினால் பாதியில் சிரித்துவிடுவது உன் வழக்கம். நான் அழுத்தியது அந்தச் சிரிப்புக்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. "ஓம் சாச்சி, சிரிச்சா" என்றேன். "பல்லுத் தெரியவா?" "ஓம், பல்லுத் தெரிய." அவர் கண்களை மூடினார். பிறகு மெல்ல, "இப்ப வருது மகள்" என்றார்.

அடுத்த முறையும் கேட்பார், அப்போதும் இதையே சொல்ல வேண்டும். ஆகவே நீ பல்லுத் தெரியச் சிரிக்கும் ஒரு படத்தை நான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். அப்படி ஒன்றை நான் எடுத்தேனா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.