மூன்றாம் வீட்டு ஜன்னல்

மணிலாவில் இருக்கும் என் தங்கைக்கு,

பதினாறு வருஷம் கழித்து நம் கோயிலில் மறுபடியும் கிறிஸ்துமஸ் இசை நாடகம். பிள்ளைகளைப் பழக்குவது இந்தமுறை நான்தான். பீடத்துக்கு முன்னால், நிறைமாத மரியாள் தங்க இடம் கேட்டு வரும் அதே மூன்று அட்டை வீடுகள். வயிற்றில் தலையணை கட்டிய மரியாளாக நீ வந்ததும், பிபிங்கா அப்பத்தை முக்காட்டுக்குள் ஒளித்துத் தின்றதும் நினைவிருக்கிறதா? நான் மூன்றாம் வீட்டுக்காரி. "இங்கே இடமில்லை, போ!" என்று பாடி ஜன்னலை அறைந்து சாத்துவேன். ஊரே கைதட்டும்.

இப்போது அந்த வேஷம் ஜெனலினுக்கு. தாலாட்டுப் போலப் பாடுகிறாள்.

"கோழி உள்ள வந்தா எப்படி விரட்டுவ? அப்படிப் பாடுடி!" என்றேன்.

"நீங்களே பாடிக் காட்டுங்கக்கா!"

ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றேன். எதிரே வயிற்றில் தலையணையோடு இந்த வருஷத்து மரியாள். எனக்குக் குரலே எழவில்லை.

"ஐயோ, அக்காவுக்கே பாட்டு மறந்துபோச்சு!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறக்கவில்லை. நம் நாடகத்துக்கு அடுத்த ஜூன் மழையில் நீ நம் வாசலில் வந்து நின்றபோது, உன் வயிற்றில் இருந்தது தலையணை இல்லை. நான் கீழே இறங்கிக்கூட வரவில்லை. மாடி ஜன்னலிலிருந்துதான் பேசினேன்.

உன் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயதிருக்கும். பெண்ணா பையனா என்றுகூட நான் கேட்டதில்லை. பாட வருமா? தேவதூதர் வரிசையில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா