பாப்பாவுக்காக மிச்சம் பிடித்த டேட்டா

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா?

லீவு கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நம் மகளின் ஞானஸ்நானத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று காலை அறை நண்பன் ஷ்யாம்சுந்தர் போனில் வைஃபை ஆப்பைத் திறந்து பார்த்தான். "இந்த மாசம் வைஃபைல ஒரு ஜிபிதான் மச்சான் பாக்கி. அதுவும் தீந்தா ஸ்பீடு படுத்துரும்" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் கிரிக்கெட்டை அணைத்துவிட்டான். எங்கள் வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் கீழ்வீட்டு சாவித்ரி அக்காவும், "சீரியல் எங்க போயிடப் போகுது? நீ கொழந்தையப் பாருப்பா" என்று டிவியை நிறுத்திவிட்டு மேலே வந்தார்.

தலையில் தண்ணீர் பட்டதும் பாப்பா வீறிட்டாளே, மூவரும் சேர்ந்து சிரித்தோம். நீ அவளைப் போனுக்கு நேரே தூக்கிக் காட்டியபோது டேட்டா தீர்ந்து படம் நின்றுவிட்டது. நான் அதை மூடவே இல்லை.

அவளுக்குச் சின்னதாகிவிட்ட சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

குரோம்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றாம் தேதி புது டேட்டா வரும். அன்று போனைத் தொட்டிலருகே வைத்துவிடு. அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

உன்,
பிரசன்னா