அக்காவுக்கு வைத்த சோறு

என் வடிவக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நம் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அவள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு உன் பெயரை வாய்விட்டுச் சொல்வாள். இங்கே கல்கத்தா கிடர்பூரில், நீ குடித்தனம் நடத்திய வீட்டில், உன் பெயரை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நீ கண்மூடிய வருஷமே அத்தானுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். "பிள்ளைக்கு எவளோ ஒருத்தி வந்து சோறு போடுததுக்கு, கூடப்பிறந்தவ போட்டா என்ன?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. முன்பும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான். நாக்குக்கு ஒரு சிரமமும் இல்லை. உன் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதும், உன் அரக்குச் சேலையை அத்தை எடுத்து நீட்டி "சும்மாதான கெடக்கு, உடுத்துக்கோயேன்" என்னும்போதும்தான் கை கூசுகிறது.

உன் கோமுவை மட்டும் என்னைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கினேன். விளக்கேற்றும் நேரத்தில் அவள் கையைக் கூப்பவைத்து, "அம்மா சாமிகிட்ட இருக்கா" என்று சொல்லச் சொல்வேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "சித்தி சித்தின்னு கூப்பிட்டா மாத்தாந்தாய்க் கொடுமைன்னு ஊரு கதை கட்டும்ட்டி" என்பாள். கட்டினால் கட்டட்டும் என்று இருந்துவிட்டேன். மற்ற எல்லாவற்றிலும் உன் இடத்தில் உட்கார்ந்தாயிற்று, இந்த ஒன்றையாவது விட்டுவைப்போம் என்று ஒரு வைராக்கியம். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

அந்த வைராக்கியம் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அத்தானின் கப்பல் ஆபீசுக்கு அடிக்கடி வந்துபோகும் காரைக்கால் பிள்ளை ஒருவர் இருக்கிறார். நீ பார்த்ததில்லை. சைகோனில் பல வருஷம் வியாபாரம் பார்த்தவர், இப்போது இங்கே அரிசி ஏற்றுமதி. டாக்குரியாப் பக்கம் குளமும் மாந்தோப்புமாக ஒரு வீடு பிடித்திருக்கிறார். சைகோனுக்கும் வடக்கே டோங்கின் என்று ஒரு சீமையாம். அங்கிருந்து தண்ணீரில் பொம்மலாட்டம் ஆடுகிற கூட்டம் ஒன்று, பிரெஞ்சு தேசத்துப் பொருட்காட்சிக்குப் போகிற வழியில், கப்பல் இயந்திரம் கெட்டுப்போய் நம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. பிள்ளை அவர்களைத் தம் தோட்டத்துக்கு அழைத்து, குளத்தில் ஆடச் சொல்லி, நாலு பேருக்குச் சாப்பாடும் ஏற்பாடு செய்துவிட்டார்.

"கப்பல்காரன் வீட்டுல போயிக் கை நனைக்கணுமாக்கும்?" என்றாள் அத்தை. "அவன் பொண்டாட்டி சைகோன் பக்கத்து அன்னாம் தேசத்துக்காரியாம்லா. பாம்பையும் தவளையையும் போட்டு வச்சிருப்பா."

"சைவம் தனியாப் பண்ணியிருக்காம்மா" என்றார் அத்தான். அவர் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது எனக்கு ஆச்சரியம். நீ போன பிறகு அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அத்தையை வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் குதிரை வண்டியில் கிளம்பினோம்.

வாசலில் கோலம் மாதிரி ஏதோ வரைந்து, கதவெல்லாம் பூ. தோட்டத்தில் அக்கம்பக்கத்து வங்காளிக் குடும்பங்கள், சிரிப்பு, தாளச் சத்தம். கல்யாண வீடோ என்றுதான் நினைத்தேன். கூடத்தில் பாய் விரித்து, சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பரப்பியிருந்தார்கள். பொரிக்காத அப்பளம் போன்ற ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, அதில் பச்சை இலைகளை வைத்துச் சுருட்டி, மீன் ரசத்தில் தோய்த்துத் தின்கிறார்கள். அந்த ரசத்தின் வாசனை இருக்கிறதே! கல்கத்தா மீனுக்குப் பழகிய என் மூக்கே முறைத்துக்கொண்டது. இரண்டு குச்சியால் சோற்றை எடுக்கத் தெரியாமல் பக்கத்தில் ஒரு வக்கீல் பாபு திண்டாடினார். கோமு அவரைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கு உள்ள தனியா வச்சிருக்கு" என்று பிள்ளை கை காட்டினார். கோமுவை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆளில்லாத அறை. உயரமான மேசைமேல் ஒரு தட்டு. பாசிப்பயறு சேர்த்த ஒட்டரிசிச் சோறு, பொரித்த மொச்சைக் கட்டி மாதிரி ஒன்று, தாமரை விதையைச் சர்க்கரையில் வேகவைத்த பாயசம், வாழைப்பழம். மீன் கிடையாது, எச்சில் படாதது, யார் கையும் தீண்டாமல் மேலே எடுத்து வைத்திருக்கிறது. பக்கத்தில் பூவும் ஊதுபத்தியும் வேறு. அன்னாம்காரியாக இருந்தாலும் நம் ஆசாரம் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். தட்டை இறக்கித் தரையில் வைத்து, கோமுவுக்கு ஊட்டி, நானும் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

பாதி சாப்பிட்டிருப்பேன். பிள்ளையின் மனைவி லான் இன்னொரு தட்டோடு உள்ளே வந்தாள். எனக்கென்று செய்த தட்டு அதுதான். கீழே இருந்த தட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அது அக்காவோடது" என்றாள். காரைக்கால் தமிழ் அவளுக்கு நன்றாகவே வருகிறது.

"எந்த அக்கா?"

"அவரு மூத்த சம்சாரம். காரைக்கால்ல செத்துப்போனாங்க. இன்னிக்கு அவங்க நாளு. அவங்க சைவம்ல, அதான் மீனு வைக்கல."

கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது அக்கா. நம் வீட்டில் திதி என்றால் வாசலில் கோலம் கிடையாது, வெளியாளைச் சாப்பிடக் கூப்பிடுவது கிடையாது. இவர்கள் தேசத்தில் செத்தவர் நாளில்தான் ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போனவளுக்கு வைத்த சோற்றில் கை வைத்துவிட்டேன். அதுவும் யார்? ஏற்கெனவே ஒரு அக்காவின் தட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிற நான்.

"பாவம் பண்ணிட்டேனே, தெரியாமப் பண்ணிட்டேனே" என்று அழுதேன். கோமு மிரண்டுபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

லான் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. "ஊதுபத்தி அணைஞ்சதும் நாமதானே சாப்பிடணும்? வேற யாரு சாப்பிடுவாங்க? நீங்க கொஞ்சம் முந்திக்கிட்டீங்க, அவ்வளவுதான். அவங்களோட சேந்து சாப்பிட்டதா வச்சுக்குங்க." தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நான் அவங்களப் பாத்ததே இல்ல. அவங்க வீட்டுக்காரரோட நான் இருக்கேன். கோவம் இருக்கும்ல? வருஷத்துல ஒரு நாளு வந்து சாப்பிட்டுப் போகட்டும். வயிறு நெறஞ்சா கோவம் கொறையும்."

அக்காவைப் பார்த்தே இராதவள் இதைச் செய்கிறாள். உன் மடியில் தலை வைத்துப் பேன் பார்க்கச் சொன்னவள் நான். உனக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைத்திருக்கிறேனா? போன வருஷம் உன் திதிக்கு அத்தான் காளிகாட் போய், ஐயரிடம் அரிசியும் காய்கறியும் கொடுத்துவிட்டு, பேசாமல் ஆபீசுக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் எனக்கே தெரியும். அப்பாடா, வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நிம்மதிப்பட்டேன். நிம்மதிதான் அக்கா. இப்போது நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது.

பொம்மலாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. குளத்துக்குள்ளேயே மூங்கிலால் ஒரு சின்னக் கோயில் மாதிரி கட்டி, முன்னால் தட்டி தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டுகிறவர்கள் தட்டிக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்களாம். பொம்மையோடு சேர்த்த நீளக் கழி தண்ணீருக்கு அடியில் ஓடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொம்மை மட்டும் தன்பாட்டுக்கு நீந்தி வருகிறது.

முதலில் தொப்பையும் குடுமியுமாக ஒரு கோமாளி வந்தான். வயிற்றைக் குலுக்கிக் குலுக்கி என்னவோ சொன்னான். நம் ஊர்க் கோனார் கடைக்காரரே வந்துவிட்டாரோ என்று தோன்றியது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பிறகு ஒரு கிழவனும் கிழவியும் வாத்து மேய்த்தார்கள். நரி வந்து ஒரு வாத்தைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கோமு எழுந்து நின்று வங்காளியில் "ஹாஷ்! ஹாஷ்!" என்று கத்தினாள். வாத்து என்கிற தமிழ்ச் சொல் அவசரத்துக்கு அவளுக்கு வருவதில்லை. அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சற்று முன் அழுதவள் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு பக்கம் உறுத்தியது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் கடல்நாகம் மாதிரி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சியது. உடனே அதே வாயில் மத்தாப்பு பற்றிக்கொண்டு நெருப்பும் சீறியது. முரசு இடித்தது. கோமு என் மடியில் வந்து விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"அம்மா!"

"ஏங் கண்ணு, நா இருக்கேம்லா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவில்லை. நாக்கு முந்திவிட்டது. அவள் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னாள். சித்தி என்று சொல்லு கண்ணு என்று நான் திருத்தவில்லை. உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பாயசம் குடித்த மாதிரி இருந்தது. நீ நினைவுக்கே வரவில்லை அக்கா. அந்தக் கொஞ்ச நேரம் நீ எங்கும் இல்லை.

அன்றிலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகள் "எங்களுக்கெல்லாம் மா இருக்கு, ஒனக்கு மாஷிதான்" என்று கேலி செய்வார்களாம். மாஷி என்றால் சித்தி. இப்போது அவர்களிடம் போய் மார்தட்டிக்கொள்கிறாள். நான் தடுப்பதில்லை.

முந்தாநாள் விளக்கேற்றும்போது கையைக் கூப்பியவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ அம்மான்னா, சாமிகிட்ட இருக்கது யாரு?"

அடுக்களையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "அது பெரியம்மாட்டி."

"சாமிகிட்ட பெரியம்மா இருக்கா" என்று சமர்த்தாகச் சொல்லி முடித்தாள் உன் பிள்ளை.

பத்து மாசம் சுமந்து பெற்றவளை, ஒரு சொல்லில் பெரியம்மாவாக்கிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிட்டது. அத்தைமேல் தப்புச் சொல்லமாட்டேன். அவளுக்குப் பேத்தி அழாமல் இருந்தால் போதும். நான் அங்கேதானே நின்றேன்? தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். ஏன் என்று கேட்கிறாயா? சொன்னால் என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயம். இதுதான் உண்மை. ஊருக்கே தெரியட்டும் என்றுதான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது அத்தானிடம் பேசினேன். "வர்ற திதிக்குக் காளிகாட்ல முடிச்சிட்டு வராதீங்க. வீட்ல அக்காவுக்கு எல போடுதேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபமோ என்று பயந்தேன். "சுண்டைவத்தக் கொழம்பு வையி. அவளுக்கு அதுன்னா உசிரு" என்றார். கல்யாணமான நாளாக நேற்றுதான் உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று ஒரு பொறாமை வந்தது பார். செத்துப்போன கூடப்பிறந்தவள்மேல் பொறாமை! நீயே என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

அக்கா, இது என் வாக்கு. உன் திதியன்று இலை போட்டதும் கோமுவை என் பக்கத்தில் உட்காரவைத்து, "சாமிகிட்ட இருக்கது பெரியம்மா இல்லட்டி, ஒன்னயப் பெத்த அம்மா" என்று சொல்வேன். உன் பெயரையும் சொல்லிக் கொடுப்பேன். அத்தை சண்டை போட்டால் போடட்டும். அதற்குப் பிறகு கோமு என்னைச் சித்தி என்றே கூப்பிட்டால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அடுக்களையில் போய் அழுதால் அது என் பாடு. ஆனால் அதைக் கேட்ட பிறகும் அவள் அம்மா என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன். பார்க்காமல் இருப்பேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதற்கு நீதான் மனசு வைக்க வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமுவின் சித்தி,
சிவகாமி