முப்பத்தொரு பூச்சு

தை 5

சொல்வது நான், எழுதுவது மருமகள் சாவித்திரி. எனக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான்.

அறுவடை தொடங்கியும் எங்கள் நீடாமங்கலம் மில்லில் நெல் அவிக்கவில்லை. பாய்லர் தகடு தாங்குமா என்று கருவி வைத்துச் சோதித்துச் சான்று தரவேண்டும். அதுவரை நான் உமித்தீ மூட்டக்கூடாது. சோதிக்கத்தான் ஆள் இல்லை. "படிச்சவனெல்லாம் சவுதி, துபாய்னு போயிட்டான். இருக்கிற ரெண்டு பேருக்கு டெல்டா முழுக்க வேலை" என்று முதலாளி நெடுமாறன் புலம்புகிறார். போன வருஷம் வந்தவர், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நாலு இடம் தொட்டு, தகட்டின் கனம் பத்து மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு ஓடினார்.

தை 9

இன்றும் ஆள் வரவில்லை.

தை 12

வந்தது ஒரு பெண். ஷமீரா, திருத்துறைப்பூண்டி. தலைத்துணிக்கு மேல் ஹெல்மெட். பாய்லரில் பசை தடவிச் சின்னக் குமிழ் ஒன்றை வைத்தாள்.

"மாசமா இருக்கிறவங்களுக்கு ஸ்கேன் பாப்பாங்கல்ல, அதேதான் ஐயா. வெட்டாமலே உள்ள தெரியும்."

"ஆணா பொண்ணான்னு சொல்லுமா?"

"கெழடா கொமரான்னு சொல்லும்."

பத்து மில்லி காட்டியது. "அப்பக் கையெழுத்தப் போடும்மா" என்றார் முதலாளி. அவள் போடவில்லை. நகத்தால் பெயின்டைச் சுரண்டினாள். "இது எத்தனை கோட்டு?"

முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூசுவது நான்தானே. சொன்னால் மில் நின்றுபோகுமோ? வெளியே லாரி வரிசை...

"முப்பத்தொண்ணு" என்றேன். புயல் வருஷம் பச்சை, மகன் கல்யாண வருஷம் சில்வர், எல்லாம் நினைவிருக்கிறது.

"பெயின்டையும் சேத்து இரும்புன்னு காட்டுது ஐயா."

அவளே தேய்த்துச் சுரண்டினாள். சாக்பீஸால் ஏழு வட்டம். ஆறு வட்டத்தில் பழுதில்லை. அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் மட்டும் அஞ்சரை மில்லி.

"இந்த ஒரு சீசன் ஓட்டிக்கிறேம்மா. வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"அதனாலதான் சார் முடியாது. நான் விட்டா, எனக்குப் பின்னாடி பாக்க ஆளில்லை."

குரலை உயர்த்தவில்லை. எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

தை 13

அழகு பண்ணுறேன்னு நெனச்சு மறைச்சுல்ல வச்சிருக்கேன்! வெடிச்சிருந்தா? முதலாளி என்னோடு பேசவில்லை.

தை 27

தகடு மாற்றியாயிற்று. அதற்குள் பாதி நெல் மயிலாடுதுறை மில்லுக்குப் போய்விட்டது. வெட்டியெடுத்த துண்டை முதலாளி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஓரம் அப்பளமாய்த் தேய்ந்திருந்தது.

"ஸ்டூல எங்க போட்டு உக்காருவ, அமிர்தம்?"

அந்த இடத்துக்கு நேர் எதிரே காட்டினேன்.

புது வெல்டிங்கைச் சோதிக்க ஷமீரா வந்தாள். டிப்ளமோ முடித்து மூன்று வருஷம் திருச்சியில் அடுத்தவர் கருவியைச் சுமந்தாளாம். முதல் பரீட்சை தேறினால் அளக்கலாம், இரண்டாவது தேறினால் கையெழுத்துப் போடலாம். "மூணாவதும் தேறிட்டா நானே ஆளுங்கள உருவாக்கலாம் ஐயா. அதுக்கு அனுபவம் வேணும். சவுதியில கூப்பிடுறாங்க."

நீயுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. "போயிட்டு வாம்மா" என்றேன்.

ஆனி 3

ஷமீரா போய்விட்டாளாம்.

புரட்டாசி 15

ஆயுத பூஜை. பழைய பூச்சு முழுவதையும் சுரண்டிவிட்டு ஒரே ஒரு கோட்டு சில்வர் அடித்தேன். அவள் வட்டம் போட்ட ஏழு இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலம் பூசாமல், துருப் பிடிக்காதபடி கிரீஸ் தடவினேன்.

"பூஜையும் அதுவுமா, சொறி புடிச்ச மாதிரி இருக்கே" என்றார் முதலாளி. பிறகு சந்தனப் பொட்டை அந்த இடங்களுக்குத் தள்ளியே வைத்தார்.

அடுத்து யார் வருவாரோ. அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். தொட்டால் இரும்பைத் தொடட்டும்.