பால் கறை

ஜூன் 9, திங்கள்
விடிந்ததுமே புழுக்கம். துணி துவைத்தேன். உள்பாடியில் மறுபடியும் கறை. பால் மாதிரி. கல்யாணம் ஆகாதவளுக்கு ஏது பால்? நன்றாகக் கசக்கி, கொடியில் துண்டுக்கு அடியில் போட்டேன். மாதவிலக்கு ஈஸ்டருக்கு முன்னால் வந்ததோடு சரி. தலைவலி வேறு. நாலாம் வகுப்பில் பாடம் நடத்தவே முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்
அம்மா பார்த்துவிட்டாள். அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.
"யாருடி அவன்?"
"யாரும் இல்லம்மா."
"தீட்டு நின்னு போச்சு, பாலும் வருது. நானும் பிள்ள பெத்தவதான்டி. எரியோட்டு மாப்ள வீட்டுக்காரக அடுத்த மாசம் பூ வைக்க வாராக."
மாதா மேல் சத்தியம் என்றேன்.
"மாதாவ இதுல இழுக்காத."
குற்றவாளி மாதிரிக் குரல் நடுங்கியது. ஏன் நடுங்க வேண்டும்?

ஜூன் 15, ஞாயிறு
பூசை. நற்கருணை வாங்க எழுந்தேன். "பாவத்தோட வாங்கப்படாது" என்று அம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வரிசையில் எல்லாரும் என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
மத்தியானம் கறிக்குழம்பு. அப்பா என் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 17, செவ்வாய்
காய்ச்சல் என்று லீவு. பொய். டவுனில் லேடி டாக்டர். அம்மா முக்காடு போட்டு வந்தாள். சிறுநீர் டெஸ்டில் கர்ப்பம் இல்லை.
"நல்லாப் பாத்தீகளா?" அம்மா.
டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பினார். "மார்ல பால் வருதாம்மா? தலைவலி? கண்ணு ஓரத்துல மங்குதா?" யாரோ என் உள்பாடியைப் பிரித்துப் பார்த்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள்.

ஜூன் 21, சனி
ரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் எக்கச்சக்கம். ஸ்கேனும் வந்தது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி. அதில் சின்னக் கட்டி. அதுதான் பாலுக்கும் காரணம், விலக்கு நின்றதற்கும் காரணம். புற்றுநோய் இல்லை. வாரம் இரண்டு தடவை மாத்திரை, பெரும்பாலும் சுருங்கிவிடும் என்றார் டாக்டர்.
"கட்டிதானா!" அம்மா கும்பிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.
எனக்கும் சந்தோஷம். தலைக்குள் கட்டி என்றதற்குச் சந்தோஷப்படுகிறேன். சீ.

ஜூன் 23, திங்கள்
முதல் மாத்திரை. குமட்டல். லேசாகத் தலைச்சுற்றல். சாயங்காலம் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளில் முதல் தடவை.
"ஒங்கம்மா பாத்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிப்புட்டா."
"என்னன்னு?"
தரையைப் பார்த்தார். "எரியோட்டுக்காரகள வர வேணாம்னு சொல்லிட்டேன் தாயி. டாக்டர்கிட்டப் போறதுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிஞ்ச கையோட."
"என்ன காரணம் சொன்னீக?"
மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போனார். மத்தியானத்திலிருந்து கரண்டே இல்லை.