நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் மூடிய புத்தகம்

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதும்போது பேனா தயங்கத்தான் செய்தது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மாமனாருக்கு அந்த ஒரு சொல்லையாவது கொடுத்துத் தொலைப்போம் என்று எழுதிவிட்டேன். இனி வருவதிலெல்லாம் அன்பைத் தேடாதீர்கள்.

நேற்று உங்களுக்குத் தலைத்திவசம். உங்களுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல், பருப்பு வடை, பால் பாயசம் எல்லாம் இலையில் வைத்தோம். உங்கள் மகன் படத்துக்கு முன்னால் நின்று கண் கலங்கினார். நான் கலங்கவில்லை. பந்தி முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். போன வாரம் எடுத்து வந்த நாவலை இருபதாம் பக்கத்தோடு மூடி வைத்திருந்தேன், அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்றார் நூலகர்.

"முடிக்கல. பிடிக்கல" என்றேன்.

உங்கள் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். விழுந்ததா மாமா?

பசுமலையிலிருந்து இந்த வில்லாபுரம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என் பெட்டியில் ஆறு பட்டுச்சேலையா இருந்தது? வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணிய மூன்று தொகுப்புகள் இருந்தன. கல்யாணமான மூன்றாம் நாள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் வந்து நின்றீர்கள். கையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம்.

"இதப் படி தாயி. எங்க ஆபீஸ்ல எனக்கு மேல இருக்குற பெரியவர் எழுதுனது. வாழ்க்கைக்கு வேண்டிய அம்புட்டும் இதுல இருக்கு."

நல்லொழுக்கத்தைப் பற்றி நானூறு பக்கம். கடைசிப் பக்கத்தில் 'முழுவதும் வாசித்தேன்' என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது. இம்புட்டையும் படித்த மனுஷர் எவ்வளவு பெரியவராக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. அதிகாலையில் எழுவதன் நன்மை மட்டும் ஒரு அத்தியாயம். அதிகாலையில் எழுந்து அடுப்போடு போராடுகிறவளுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? நான் அதை வைத்துவிட்டு என் தொடர்கதையை எடுத்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் அந்தச் சட்டத்தைப் போட்டீர்கள்.

"எடுத்த புஸ்தகத்த முடிக்காம அடுத்ததத் தொடக்கூடாது. அது படிப்புக்குச் செய்யுற துரோகம்."

என் தொகுப்புகள் மூன்றும் பெட்டிக்குள் போயின. நூலக அட்டை உங்கள் சட்டைப் பைக்குள் போயிற்று. திருமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் கேரியரை வைத்த கையோடு தினமும் கேட்பீர்கள்: "எம்புட்டுப் பக்கம் ஆச்சு? என்ன சொல்லியிருக்கார்?" நான் ஈரக்கையோடு நின்று ஒப்பிப்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். அது பக்தி என்று நினைத்திருந்தேன்.

அறுபத்துமூன்றாம் பக்கத்தில் நான் நின்றுபோனேன். அதற்கு மேல் ஒரு வரி ஏறவில்லை. நாலு வருஷம், மாமா. படித்ததையே திருப்பித் திருப்பி ஒப்பித்தேன். பிறகு ஒருநாள் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். அட்டையைக்கூடத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்குள் எனக்குப் படிக்கிற ஆசையே செத்துப்போயிருந்தது. புத்தகத்தைப் பார்த்தாலே பரீட்சைத் தாளைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விசாலம், பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் விடமாட்டாள் என்று என் அப்பா பெருமையாகச் சொல்லுகிற பெண் நான். அவளை நீங்கள்தான் கொன்றீர்கள். இதை நான் மன்னிக்கவில்லை.

அப்புறம் சர்க்கரை வியாதி உங்கள் கண்ணைக் கொண்டுபோனது. மத்தியானங்களில் சும்மா படுத்திருக்க முடியாமல் கூப்பிட்டீர்கள். "தாயி, ஏதாச்சும் வாசிச்சுக் காட்டேன்."

நான் எதை எடுத்து வந்தேன் என்று உங்களுக்கே தெரியும். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. மூன்றாம் நாள் நெளிந்தீர்கள். "வேற எதுனா எடும்மா" என்றீர்கள். அந்தச் சொல்லுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தவள் நான்.

"எடுத்த புஸ்தகத்த முடிக்காம எப்படி மாமா? துரோகமில்ல?" என்றேன். அன்று எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

தொண்ணூற்றேழாம் பக்கம் வந்தது. அதற்குமேல் தாள்கள் பிரியவில்லை. அந்தக் காலத்துப் புத்தகம், அச்சகத்தில் மடித்த மடிப்பு மடித்தபடியே இருந்தது. வாங்கியவர்தான் கத்தியால் வெட்டிப் பிரித்துக்கொள்ளவேண்டும். யாரும் பிரிக்கவில்லை. கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். முந்நூறு பக்கமும் வாய் மூடிக் கிடந்தன, அதற்குப் பின்னால் உங்கள் கையெழுத்து. நான் அடுக்களைக்குப் போய் வெங்காயம் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன். சர்ரென்று முதல் மடிப்பைக் கிழித்தேன்.

"என்ன சத்தம்மா அது?"

"பக்கத்தப் பிரிக்கிறேன் மாமா."

உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உங்களால்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் மெதுவாக, உங்களுக்குக் கேட்கும்படியாகக் கிழித்துக் கிழித்து வாசித்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. அதைக் கொடுமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த வாரக் கடைசியில்தான் புத்தகத்தை எழுதிய அந்த ஆபீஸ் பெரியவரே உங்களைப் பார்க்க வந்தார். ரிட்டையராகி ஆறேழு வருஷமாகியும் விறைப்பாக இருந்தார். கட்டிலில் கிடந்த புத்தகத்தையும் நடுவில் செருகியிருந்த கத்தியையும் பார்த்தார். "என்னம்மா, இன்னும் பிரிக்காமலே இருக்கு?" என்றார். நீங்கள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டீர்கள். ஒரு வார்த்தை போதும், மாமா. என் நாக்கு நுனியில் இருந்தது.

"இது புதுப் பிரதிங்கய்யா. மாமா வச்சிருந்தது படிச்சுப் படிச்சு நைஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் உச்சி குளிர்ந்து போனார். நல்லவேளை, கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. பாசத்தில் சொன்ன பொய் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் கையும் களவுமாகப் பிடித்தது நான். தண்டிக்கிற உரிமையும் எனக்கு மட்டும்தான். அதில் வெளியாள் ஒருவருக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

அவர் போனதும் நான் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். நூற்று எண்பத்தேழாம் பக்கம். நீங்கள் என் கையைத் தடவிப் பிடித்தீர்கள்.

"மூடிரு தாயி. பிடிக்கல. எனக்கு அன்னைக்கே பிடிக்கல."

"பின்ன எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"ரெண்டு வாட்டி படிச்சேன்னு புஸ்தக விழா மேடையில சொல்லிப்புட்டேன். அந்த மனுசன் ஆபீஸ்ல தெனமும் கூப்பிட்டு உக்கார வச்சு, எந்த எடம் பிடிச்சதும்பாரு. நீ சாயங்காலம் சொல்லுறதத்தான் காலையில போயி அவருகிட்டச் சொல்லுவேன்."

எனக்கு அடக்கமுடியாத கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் அறுபத்துமூன்றில் நின்றதால் நீங்களும் நாலு வருஷம் அதிகாலையில் எழுவதையே புகழ்ந்திருக்கிறீர்கள். அவர் ரிட்டையரானதும் என்னைக் கேட்பதும் நின்றது. உங்கள் பயத்துக்கு நான் படித்திருக்கிறேன். 'பிடிக்கலை' என்று ஒரு மனுஷரிடம் சொல்லத் தைரியமில்லாமல், வந்த மருமகளின் வாயை அடைத்திருக்கிறீர்கள்.

புத்தகத்தை மூடினேன். பெட்டியைத் திறந்து என் முதல் தொகுப்பை எடுத்து வந்தேன். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண் கைக்கு ஒரு கடிதம் வருகிற கதை. நீங்கள் என்ன பாடு படுத்தினீர்கள்! சோறு ஆறிப்போகும், இன்னும் ஒரு அத்தியாயம் என்பீர்கள். மாத்திரை வேண்டாம், அடுத்ததை வாசி என்பீர்கள். அந்த மூன்று வாரம் நான் பழைய விசாலமாக இருந்தேன். அதைச் சொல்லாவிட்டால் நான் உங்களைவிடப் பெரிய பொய்க்காரி ஆகிவிடுவேன்.

நாலு அத்தியாயம் மிச்சமிருந்த ஒரு மத்தியானம், வேண்டுமென்றே நல்ல இடத்தில் நிறுத்தினேன்.

"அந்தப் பொண்ணு கடுதாசியப் பிரிச்சாளா? அது மட்டும் சொல்லிட்டுப் போ தாயி."

"நாளைக்கு" என்றேன். நாலு வருஷம் என்னை வாட்டியதற்கு நீங்கள் ஒரு நாள் காத்திருந்தால் என்ன என்று நினைத்தேன். மறுநாள் காலை காப்பியோடு வந்து எழுப்பினால், நீங்கள் எழவில்லை.

இப்படிப் பழி வாங்குவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மாமா. பிடிக்காததைப் பாதியில் விடக்கூடாது என்று என்னை வதைத்தவர், பிடித்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்களே, அது எந்தச் சட்டத்தில் சேர்த்தி?

நேற்றுச் சாயங்காலம் அந்தச் செங்கல்லை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், உங்கள் கையெழுத்துக்குக் கீழே, 'நூற்று எண்பத்தேழாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டோம். இருவருக்கும் பிடிக்கவில்லை' என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். மிச்ச மடிப்புகள் அப்படியே இருக்கும். இந்த வீட்டில் இனி யாரும் அவற்றைப் பிரிக்கமாட்டார்கள்.

என் தொகுப்பில் நாம் விட்ட இடத்தில் சிவப்பு நூல் வைத்திருக்கிறேன். அவள் கடிதத்தைப் பிரித்தாளா இல்லையா என்பதை உங்கள் படத்திடம் சொல்லமாட்டேன். கனவில் வந்து கெஞ்சினாலும் சொல்லமாட்டேன். சத்தியம். தெரியவேண்டுமானால் நீங்களே வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கேளுங்கள்.

வராதவரை உங்கள்மேல் கோபம் தீராத,
உங்கள் மருமகள்
விசாலம்